வண்டலூர் உயிரியல் பூங்காவில் ஒரு நாள்

ஒரு நாள் தறி நின்றால் நெய்பவரின் கூலி மட்டும் நிற்பதில்லை. தார் சுற்றுபவரின் உழைப்பும் உடன் நின்று விடுகிறது. உழவரின் நிலையும் அதுவே. தண்ணீர் முறை தவறினால் அடுத்த முறை வரும் வரையில் பயிர் வாடும். ஆகவே, நம்மைப் போன்றவர்கள் குடும்பத்துடன் ஓர் இடத்தைக் காணச் செலவிடும் நாள், பணத்தைக் காட்டிலும் அருமையானது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வசிக்கும் அன்பர்களும், அங்குள்ள உறவினர் வீடுகளுக்கு வந்து தங்கும் அங்கத்தினர்களும், வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல விரும்புவது இயல்பே. ஆனால் சென்று வந்தோரிற் சிலர், “சிங்கம் தூங்கிற்று, புலி கண்ணில் படவில்லை, கால் வலித்ததுதான் மிச்சம்” என்று கூறக் கேட்கிறோம். இது பூங்காவின் குறை அன்று. முன்யோசனையின்றிச் சென்றதன் பலன்.

இப்பூங்காவின் வரலாறு நெசவாளர் நன்கறிந்த ஒரு தெருவில் தொடங்குகிறது. கோ-ஆப்டெக்ஸ் தலைமை நிலையம் அமைந்துள்ள எழும்பூர் பாந்தியன் சாலையில்தான் அரசாங்க அருங்காட்சியகமும் இருக்கிறது. அதன் பொறுப்பாளராக இருந்த எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவரின் முயற்சியால், 1855-ஆம் ஆண்டில் அங்கு உயிருள்ள விலங்குகள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. பின்னர் அவை சென்ட்ரல் நிலையத்தை அடுத்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றப்பட்டன. நகரம் பெருகி இடம் நெருக்கடியானபோது, வண்டலூர் காப்புக் காட்டில் புதிய பூங்கா அமைந்தது. 1985-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் முதலமைச்சர் எம்.ஜி. இராமச்சந்திரன் அதனைத் திறந்து வைத்தார். இன்று அதன் பரப்பு ஏறத்தாழ 602 ஹெக்டேர். அதாவது சுமார் 1,490 ஏக்கர்.

இத்துணைப் பரப்பு எதற்கு என்று கேட்கலாம். பழைய மிருகக்காட்சி சாலையில் கம்பிக் கூண்டுக்குள் விலங்கு அடைபட்டிருந்தது. எப்போது போனாலும் கைக்கெட்டும் தூரத்தில் காணலாம். 1907-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தருகே கார்ல் ஹாகன்பெக் என்பவர் திறந்த பூங்காவில் கம்பிகளுக்குப் பதிலாக அகழிகள் அமைக்கப்பட்டன. வண்டலூரிலும் பல அடைப்புகள் இம்முறையைத் தழுவியவையே. அகழிக்கு அப்பால் மரமும் புதரும் நிழலும் உண்டு. விலங்கு விரும்பினால் வெளியே வரும். விரும்பாவிடில் நிழலில் மறைந்து படுக்கும். ‘சஃபாரி’ என்பது பயணத்தைக் குறிக்கும் ஸ்வாஹிலிச் சொல். சிங்க உலாவிடத்தில் நாம் பாதுகாப்பான வண்டிக்குள் அடைபட்டுச் செல்ல, சிங்கம் வெளியே திரிகிறது. எனவே விலங்கின் நேரத்தை அறிந்து நம் நேரத்தை வகுத்துக்கொள்வதே இப்பயணத்தின் முதல் விதி.

முதலில் நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. அமாவாசையன்று தறிக்கு ஓய்வு கொடுக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அந்த அமாவாசை செவ்வாயில் வந்துவிட்டால் கூலியும் போய்க் காட்சியும் இல்லாமற் போகும். பஞ்சாங்கத்தை முன்கூட்டியே பார்ப்பது நலம். காணும் பொங்கலன்றும் ஞாயிறுகளிலும் கூட்டம் மிகும். சித்திரை, வைகாசி வெயிலைத் தவிர்த்து, தை, மாசி மாதங்களில் வாரநாள் ஒன்றில் செல்வது உத்தமம். மழை நன்கு பெய்த ஆண்டானால், அப்பருவத்தில் பூங்காவினுள் இருக்கும் ஓட்டேரி ஏரியில் நீர்ப்பறவைகளையும் காணலாம்.

அடுத்தது வழி. தியாகராய நகரில் இருப்போர் மாம்பலம் நிலையத்தில் மின்சார ரயில் ஏறலாம். மயிலாப்பூரிலிருந்து வருவோர் பேருந்தில் மாம்பலத்துக்கோ சைதாப்பேட்டைக்கோ வரலாம். அடையாற்றிலிருந்து கிண்டி நிலையம் அண்மையது. தாம்பரத்தோடு நின்றுவிடும் ரயில்கள் பல உண்டு. ஆகையால் செங்கற்பட்டு மார்க்கமாகச் செல்லும் ரயில்தானா என்று கேட்டு ஏறுதல் அவசியம். மாம்பலத்திலிருந்து வண்டலூருக்கு ஏறத்தாழ முக்கால் மணி நேரப் பயணம். இறங்கியபின் ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்க வேண்டும். அங்கு வாகனங்கள் ஓயாது விரைவதால் பிள்ளைகளைக் கைப்பிடித்துச் செல்க.

பூங்கா திறக்கும் வேளையிலேயே வாயிலில் இருப்பது நன்று. இதற்கு அதிகாலையில் புறப்பட வேண்டும். சிங்க உலாவுக்குத் தனிக் கட்டணம். அன்று வண்டி ஓடுகிறதா என்பதை நுழைந்தவுடன் விசாரித்துக் காலையிலேயே சீட்டு வாங்குக. சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம் வரை ஓய்விலேயே கழிக்கும் பிராணி. வெயில் ஏறிய பின் அது எழுந்து நடக்குமென எதிர்பார்ப்பது வீண். காலைக் குளிர்ச்சியில் புலி, சிங்கம் ஆகியவற்றைப் பார்க்கலாம். நண்பகலில் நிழலில் அமர்ந்து உண்டு இளைப்பாறிவிட்டு, பறவைகளையும் பாம்புகளையும் முதலைகளையும் காணலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட முயல வேண்டாம். நடக்க இயலாத முதியோருக்கு மின்கல வண்டிகள் உண்டு.

வெள்ளைப் புலியைக் கண்டால் அது வேறோர் இனம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாகாது. அது வங்கப் புலியேதான். பரம்பரைக் கூறு ஒன்றினால் நிறம் மாறி அமைந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய சிங்கவால் குரங்கை மறவாது காட்டுக. அது வேறெந்த நாட்டுக் காட்டிலும் வாழ்வதில்லை.

தின்பண்டம் எறிவது, கல்லெறிவது, கூச்சலிடுவது ஆகியவை அறவே ஆகா. 2021-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மனிதரிடையே பரவிய கொரோனா கிருமி இப்பூங்காச் சிங்கங்களையும் தொற்றியது. இரண்டு சிங்கங்கள் இறந்தன. நம் நோய் அவற்றுக்கும் வரக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பிளாஸ்டிக் பைகளை வீட்டிலேயே விட்டு, துணிப்பையில் பொருள்களை எடுத்துச் செல்க. கைத்தறித் துணியை நெய்யும் நமக்கு இதை எடுத்துரைக்கவும் வேண்டுமோ?

கைக்குழந்தை உள்ளவர்களும் நெடுந்தூரம் செல்ல முடியாதவர்களும் அடையாற்றை அடுத்த கிண்டி சிறுவர் பூங்காவையும், 1972-இல் ரோமுலஸ் விட்டேக்கர் நிறுவிய பாம்புப் பண்ணையையும் அரை நாளில் பார்த்துத் திரும்பலாம்.

இறுதியாக ஒரு யோசனை. தனித்தனியே சென்று செலவழிப்பதைவிட, சங்கத்தின் பேரில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து மாதந்தோறும் சிறு தொகை ஒதுக்கி வரலாம். பாவு முடிந்து அடுத்த பாவு ஏற்றும் இடைநாளாகப் பார்த்து எல்லோரும் ஒன்றாகப் புறப்பட்டால், எவர் வேலையும் கெடாது. முதியோரையும் பிள்ளைகளையும் கவனிக்கப் பல கைகள் இருக்கும். உழைத்துச் சேர்த்த ஒரு நாளை இவ்வாறு திட்டமிட்டுச் செலவிட்டால், அந்நாள் பிள்ளைகளின் மனத்தில் நெடுநாள் நிற்கும்.