அடுப்புக்கும் மூச்சு வேண்டும்

வீட்டில் ஒரு பொருள் பழுதடைந்தால் அதன் விலையை எண்ணி வருந்துகிறோம். அப்பொருளை நாம் எவ்வாறு வைத்திருந்தோம் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. சென்ற மாரிகாலத்தில் எமது இல்லத்தில் நிகழ்ந்த சிறு சம்பவம் ஒன்று இவ்வுண்மையை எமக்கு உணர்த்திற்று.

இரத்தினபுரியை அடுத்துள்ள எமது வீட்டில், 'மைக்ரோவேவ்' என்று வழங்கும் நுண்ணலை அடுப்பு ஒன்று உண்டு. வெளிநாட்டில் வேலைபார்த்துத் திரும்பிய உறவினர் அன்போடு கொணர்ந்தது. அதனைச் சமையலறைத் தட்டில் சுவரோடு ஒட்டி வைத்தோம். தூசு படியாதிருக்க எம் இல்லத்தரசி பூவேலைத் துணியொன்றை அதன்மீது விரித்தார். துணியின்மேல் ஒரு பூச்சாடியும் ஏறியது. இரண்டு ஆண்டுகள் கழிந்தன. ஒரு நாள் சோற்றைச் சூடாக்குகையில் அடுப்பு இடைநடுவில் நின்றுவிட்டது. அரைமணி நேரம் சென்றபின் இயங்கியது, மறுபடியும் நின்றது.

கல்லூரியில் பாடம் நடத்தும் எமக்குக் காரணம் விளங்கவில்லை. தோட்டத்து லயத்தில் பிறந்து, நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த எம் அன்னையாரே அதனைக் கண்டார். இருமலுக்கு இடையே, "மூச்சு விட வழியில்லாம மூடி வச்சா எந்த மெசின்தான் ஓடும், தம்பி?" என்றார்.

அடுப்பின் உள்ளே நிகழ்வது யாது?

இவ்வடுப்பின் உயிர்நிலை 'மகனெற்றன்' என்னும் குழாய். அது மின்னாற்றலை 2450 மெகாஹேட்ஸ் அதிர்வெண் கொண்ட அலைகளாக மாற்றுகிறது. ஆனால் அது பெறும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு வீண் வெப்பமாகிவிடும். 1945 ஆம் ஆண்டில் அமெரிக்கரான பேர்சி ஸ்பென்சர், றேடார்க் கருவிக்குரிய மகனெற்றனின் அருகே நின்றபோது தம் சட்டைப்பையிலிருந்த இனிப்புப் பண்டம் உருகக் கண்டதே இவ்வடுப்பின் பிறப்புக்குக் காரணம் என்பர். 1947 இல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஓராள் உயரமும் சுமார் 340 கிலோ எடையும் கொண்டது. அதன் சூட்டைத் தணிக்கக் குழாய் நீர் பாய்ச்சினர். இக்கால அடுப்பில் அவ்வேலையைச் சிறு மின்விசிறி ஒன்றே செய்கிறது. அது இழுக்கும் காற்று மகனெற்றனைக் குளிர்வித்து, உணவின் ஆவியையும் சுமந்துகொண்டு காற்றுத் துளைகளின் வழியே வெளியேறுகிறது. துளை அடைபட்டால் சூடு உள்ளேயே தங்கும். அளவு மீறும்போது காப்பு ஆளி இயந்திரத்தை நிறுத்திவிடும். எமது அடுப்பு நின்றது இதனாலேயே.

துப்புரவு செய்யும் முறை

முதலில் மின் செருகியைக் கழற்றி அடுப்பை நன்றாக ஆறவிட வேண்டும். எமது அடுப்பின் பின்புறத்துக் காற்றுத் துளைகளை ஒரு பிளாஸ்திக்கு மூடி காத்திருந்தது. அதனை மட்டும் பிடித்திருந்த இரு திருகாணிகளையும் கழற்றினோம். எண்ணெய்ப் பிசுக்கில் தூசு படிந்து கம்பளம்போல் தடித்திருந்தது. பல்லி முட்டை ஓடுகளும் கிடந்தன. மழை ஓயாத இரத்தினபுரியின் ஈரத்தில் தூசு உதிர்வதில்லை, ஒட்டிக்கொள்கிறது.

மூடியை இளஞ்சூடான சவர்க்கார நீரில் கால்மணி நேரம் ஊறவைத்து, பழைய பற்தூரிகையால் தேய்த்தோம். போகாத பிசுக்குக்கு அப்பச்சோடாவைக் குழைத்துப் பூசினோம். அடுப்பிலுள்ள துளைகளை உலர்ந்த தூரிகையால் மட்டுமே துடைத்தோம். அவ்விடத்தில் நீர் தெளித்தலும், துளைக்குள் கம்பி நுழைத்தலும் ஆகா. மூடி முற்றாக உலர்ந்த பின்னரே மீண்டும் பொருத்த வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அடுப்பின் வெளி உறையைக் கழற்றுதல் ஒருபோதும் கூடாது. உள்ளேயுள்ள கொள்ளளவி, செருகியைக் கழற்றிய பின்னும் உயிரைப் பறிக்கக்கூடிய மின்னைத் தாங்கி நிற்கும். மூடியை எடுத்ததும் உட்பாகங்கள் நேரே தெரியுமாயின், கைவைக்காது தேர்ந்த தொழில்நுட்பவியலாளரை அழைப்பதே அறிவுடைமை.

எமது மூடியின் ஒரு காது சூட்டில் இறுகி ஒடிந்துவிட்டது. அடுப்பின் பின்புற ஒட்டுத்தாளிலுள்ள மாதிரி இலக்கத்தைக் குறித்துக் கொடுத்து, அதே அளவான புதிய மூடியைக் கொழும்பிலிருந்து தருவித்தோம். வேறு தகட்டை வெட்டிப் பொருத்துவது காற்றோட்டத்தைக் கெடுக்கும். அடுப்பின் உட்சுவரில் காணப்படும் காக்காப்பொன் தகடு வேறு. அது அலைகள் வரும் வாயிலுக்குரிய மறைப்பு. அது கருகித் தீப்பொறி பறந்தால் அதனையும் மாற்ற வேண்டும். அதுவரை அடுப்பைப் பயன்படுத்தலாகாது.

புதிய மூடியைப் பொருத்தி, ஒரு கோப்பை நீரை வைத்து ஒரு நிமிடம் இயக்கினோம். துளையருகே கையை நீட்டியபோது இளஞ்சூடான காற்று தடையின்றி வீசிற்று. இப்போது அடுப்புக்கும் சுவருக்கும் இடையே நான்கு அங்குல இடைவெளி உண்டு. பூவேலைத் துணி மேசைக்குப் போய்விட்டது.

மறந்துபோன மற்றொரு துளை

அன்றிரவு அன்னையாரின் இருமல் எம்மை உறங்கவிடவில்லை. அவர் சமைத்தது புகைக்கூடில்லாத காம்பராவிலும், இஸ்தோப்பின் மூலையிலும். கவ்வாத்து மிலாறும் ஈர றப்பர் விறகும் கக்கிய புகையில், கைக்குழந்தையாக அவர் இடுப்பில் இருந்தவர்கள் நாமே. வீட்டுப் புகையினால் 2020 ஆம் ஆண்டில் உலகில் 32 இலட்சம் பேர் மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் மட்டும் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கு மேல். ஓர் இயந்திரத்தின் மூச்சுக்காக ஒரு நாள் முழுதும் பாடுபட்ட நாம், அம்மாவின் மூச்சைப் பற்றி எத்தனை நாள் எண்ணியிருக்கிறோம்?

மறுவாரம் அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அங்கிருந்து, றக்குவானைப் பக்கத் தோட்டத்தில் இன்றும் லயத்தில் வாழும் சின்னம்மாவின் வீட்டுக்குப் போனோம். கூரையடியில் புகை போக ஒரு துளை இருந்தது. சாரலுக்கும் பூனைக்கும் அஞ்சி அதில் சாக்கைத் திணித்திருந்தார்கள். சின்னம்மாவின் மகனும் நாமுமாகச் சாக்கை இழுத்தெறிந்து, கரியைச் சுரண்டி, கம்பிவலை அடித்து, மழை புகாதபடி சரிவாக ஒரு தகரமும் வைத்தோம். செலவு சிறிது, வேலை இரண்டு மணி நேரம்.

சின்னம்மா தேநீருக்கு அடுப்பை மூட்டினார். புகை சிறிது தயங்கி நின்று, பின்னர் துளையை நோக்கி நகர்ந்தது. எம் அன்னையார் அதனை அண்ணாந்து நோக்கியபடி, "இத அப்பவே செஞ்சிருக்கலாம்" என்றார்.

தாய்மார்களே, நும் இல்லத்து அடுப்பு மின்னால் எரிவதாயினும் விறகால் எரிவதாயினும், இவ்வாரமே அதன் காற்றுவழியைத் திறந்து பாருங்கள். துணியோ சாக்கோ தூசோ அடைத்திருந்தால் அகற்றிவிடுங்கள். அதற்கு நாள் பார்க்க வேண்டியதில்லை.