மூட்டையாய் இறங்கிய சாமை

கலசப்பாக்கத்தில் செய்யாற்றங்கரையில் நின்றால் மேற்கே மலைத்தொடர் தெரியும். அதற்கப்பால் விரியும் ஜவ்வாதுமலையில் மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகச் சாமை விதைக்கிறார்கள். பயிரும் மண்ணும் மாறவில்லை. அறுவடைக்குப் பின் நடப்பதுதான் மாறியிருக்கிறது.

அன்று, களத்தில் அடித்த சாமை உமியோடு மூட்டையாகி மலையிறங்கும். வீட்டுக்கு வேண்டியதை மட்டும் பெண்கள் உரலில் குத்துவார்கள். சாமை மணி பொடிசு. அதன் வழுவழுப்பான உமி லேசில் கழலாது. குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, கல் பொறுக்கி உலையில் போடுவதற்குள் தோள் விட்டுப்போகும். விற்கும் மூட்டைக்கெல்லாம் அப்படி உழைக்க யாரால் முடியும்? விதைப்புக் காலத்தில் வியாபாரியிடம் கைநீட்டி வாங்கிய முன்பணம் வேறு நிற்கும். அவர் சொன்னதே விலை, அவர் தராசே எடை. தமிழ்நாட்டுச் சிறுதானியம் உமி நீக்குவதற்காக மகாராஷ்டிரத்தின் நாசிக் வரை லாரியில் போய், அரிசியாகத் திரும்பி வந்ததும் உண்டு. வழியில் கூடிய விலையில் விளைவித்தவருக்குப் பங்கில்லை.

இன்று ஜமுனாமரத்தூரில் பழங்குடி உழவர்களே பங்குதாரர்களான உற்பத்தியாளர் நிறுவனம் இருக்கிறது. 2002-ல் கம்பெனிச் சட்டத்தில் வந்த திருத்தம் திறந்துவிட்ட வழி அது. 10 உழவர்கள் சேர்ந்தால் இப்படியொரு நிறுவனம் தொடங்கலாம். யாரிடம் எத்தனை பங்கு இருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. சாமையைச் சுத்தம் செய்து அரிசியாக்கிப் பொட்டலம் போடும் வேலை மலையிலேயே நடக்கிறது.

இதில் ஒரு தொழில் நுணுக்கம் இருக்கிறது. உமியோடு இருக்கும் சாமை வருடக்கணக்கில் கெடாது. உமி நீக்கிவிட்டாலோ, தவிட்டில் உள்ள எண்ணெயால் சில மாதங்களிலேயே சிக்கு வாடை வந்துவிடும். உமி நீக்கும் இயந்திரம் பக்கத்தில் இருந்தால் தானியத்தை உமியோடு சேமித்து, கேட்பு வரும்போது மட்டும் அரைத்துக் கொடுக்கலாம். அறுவடை நேரத்தில் வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதில்லை.

ஆனால் இயந்திரம் மட்டும் தொழிலைக் காப்பாற்றாது. மானியத்தில் வந்து, பழுது பார்க்க ஆளில்லாமல் தூசி படிந்து கிடக்கும் இயந்திரங்களைப் பல ஊர்களில் பார்க்கிறோம். தரமும் வேண்டும். 2023 பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டபோது புதிதாக வாங்க வந்தவர்கள் பலர். அவர்களை மறுபடி வரவைப்பது, சோற்றில் கல் கடிபடாத அந்த முதல் பொட்டலம்தான்.

எல்லாவற்றுக்கும் மேல் கைமுதல் வேண்டும். பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு என்று நிற்கிற உழவரிடம் 'அடுத்த மாதம் பணம் தருகிறோம்' என்று தன் நிறுவனமே சொன்னால், அவர் பழைய வியாபாரியிடம்தான் போவார். அது அவர் குற்றமில்லை. அறுவடை மாதத்துக்கென்று பணம் ஒதுக்கி வைத்து, மூட்டை தராசில் ஏறிய அன்றே காசு கொடுக்கிற நிறுவனத்துக்கு அடுத்த வருடமும் சாமை வரும்.