பன்னிரண்டு இலக்கங்களுக்கு ஒரு பூட்டு

ஆதார் எண்ணை வைத்துக்கொண்டு அதற்குரியவரின் வயதையோ ஊரையோ சொல்லிவிட முடியாது. 12 இலக்கங்களில் கடைசி இலக்கம், மற்றவை பிழையில்லாமல் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று சரிபார்ப்பதற்கு. மீதியெல்லாம் கணினி குலுக்கிப் போட்டவை. தென் கொரியாவில் கதை வேறு. அங்கே 13 இலக்க அடையாள எண்ணைப் பார்த்தாலே பிறந்த தேதியும் பாலினமும் தெரிந்துவிடும். 2020 வரை கொடுத்த எண்களில் பதிவு செய்த ஊரும் இருந்தது.

எண்ணை ஊமையாக்கியது நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெயர், முகவரியோடு சேர்த்து ஊரறிய ஒட்டிவிட்டால் என்ன பயன்?

2017-இல் அதுதான் நடந்தது. ஜார்க்கண்ட் அரசின் இணையதளம் ஒன்றில் ஓய்வூதியம் வாங்கும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ஆதார் எண்கள் திறந்து கிடந்தன. மத்திய, மாநில அரசுத் துறைகள், கல்வி நிறுவனங்கள் என்று சுமார் 210 இணையதளங்கள் இப்படி வெளியிட்டிருந்ததை ஆதார் ஆணையமே ஒப்புக்கொண்டது. 2016-ஆம் ஆண்டின் ஆதார் சட்டம் இதைத் தடை செய்திருந்தும், பயனாளிகள் பட்டியலை வெளிப்படையாக வைக்கிறோம் என்ற நினைப்பில் அதிகாரிகள் எண்களையும் சேர்த்தே ஏற்றியிருந்தார்கள்.

அடுத்த ஆண்டு தெலங்கானாவில் சிக்கிய சிம் கார்டு வியாபாரி இன்னும் ஒரு படி மேலே போனார். பதிவுத்துறை இணையதளத்தில் இருந்த நிலப் பத்திரங்களில் ஆதார் எண்ணும் இருந்தது, பெருவிரல் ரேகையும் இருந்தது. ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் கருவியில் அந்த ரேகைகளை வார்த்தெடுத்து, யார் யார் பெயரிலோ ஆயிரக்கணக்கில் சிம் கார்டுகளை இயக்கிவிட்டார். ஆதாரின் மையக் கணினிக்குள் யாரும் நுழையவில்லை. நுழைய வேண்டிய தேவையே எழவில்லை.

தெலங்கானா மோசடிக்கு முன்பே ஆணையத்தின் கவனம், எண் போய்ச் சேரும் இடங்களின் பக்கம் திரும்பியிருந்தது. ஆதார் எண்ணைச் சேமிக்கும் நிறுவனங்கள் அதைச் சங்கேத வடிவில் தனிப் பெட்டகத்தில்தான் வைக்க வேண்டும், மற்ற பதிவேடுகளில் அதற்குப் பதிலாக ஒரு குறியீட்டு எண் போதும் என்று 2017-இல் உத்தரவிட்டது. 2018-இல் வந்தது, ஆதார் எண்ணுக்குப் பதிலாகத் தரக்கூடிய 16 இலக்க விர்ச்சுவல் ஐடி. புதிதாக ஒன்றை உருவாக்கினால் பழையது செல்லாது. கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் காட்டும் மறைப்பு ஆதாரையும் இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம்.

ஆனால் விடுதி வரவேற்பறையில் இன்னமும் முழு ஜெராக்ஸ்தான் கேட்கிறார்கள். கண்ட இடத்தில் நகல் தராதீர்கள் என்று ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் 2022 மே மாதம் எச்சரித்தது. சொன்னது சரியான யோசனைதான். ஆனால் தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி, இரண்டே நாளில் அரசு அதைத் திரும்பப் பெற்றது.

விரல்ரேகை, கருவிழிப் பதிவுகளைப் பூட்டும் வசதியும் உண்டு. ஆணையத்தின் செயலியிலேயே செய்துவிடலாம். பூட்டிய பிறகு ஆதார் வழியாக ரேகையைச் சரிபார்க்கும் ரேஷன் கடைக் கருவியும் விரலை ஏற்காது. கடைக்குக் கிளம்பும்போது கொஞ்ச நேரத்துக்குத் திறந்துகொள்ள வேண்டியதுதான்.