கடல் கடந்து வந்த கிளிகள்

கிளியை விரும்பாதார் எந்நாட்டிலும் அரியர். அதுவும் பிறநாட்டுக் கிளியாயின் வீட்டுக்கே அது ஒரு பெருமை. அத்தகைய கிளியொன்றை 1929ஆம் ஆண்டு நத்தார்ப் பண்டிகைக்கெனத் தம் மனைவியாருக்கு வாங்கி வைத்தார், ஐக்கிய அமெரிக்காவின் அன்னாபொலிஸ் நகரத்தவர் ஒருவர். பண்டிகை நாளளவில் கிளி சோர்ந்து இறந்தது. அதனைப் பேணிய மனைவியாரும் மகளும் மருமகனும் சில நாட்களிற் கடுங்காய்ச்சலுற்றுப் படுக்கையில் வீழ்ந்தனர்.

நெருப்புக் காய்ச்சலோ, நிமோனியாவோ என வைத்தியர் மயங்கினார். ஆர்ஜென்டீனாவிற் கிளிகளால் மக்கள் நோயுற்றதாகப் பத்திரிகையொன்றில் வாசித்திருந்த அவருடைய மனைவியார் அதனை நினைவூட்டினார். வைத்தியர் வாஷிங்டனுக்குத் தந்தி அடித்தார். பத்திரிகைகள் முதலில் இதனை வேடிக்கையாகவே எழுதின. ஆயினும் வேறு பல நகரங்களிலிருந்தும் இத்தகைய செய்தி வரத் தொடங்கியதும் சிரிப்பு அடங்கிற்று.

நோய் புதியதன்று. 1892ஆம் ஆண்டிலேயே புவெனஸ் அயர்சிலிருந்து வந்த கிளிகள் பாரிஸ் நகரில் இதனைப் பரப்பியிருந்தன. இதனை உண்டாக்கும் பற்றீரியா, நலமாகத் தோன்றும் பறவையின் உடலில் நெடுங்காலம் அடங்கியிருக்கும். பறவைகளை நெருக்கமான கூடுகளில் அடைத்து, பசியும் குளிரும் வாட்டக் கடல் கடத்தும்போது அவற்றின் உடல் தளர, கிருமி எச்சத்தோடு வெளிப்படும். எச்சம் உலர்ந்து தூளாகும். கூட்டைத் துடைப்பவர் அதனைச் சுவாசிப்பார். கடிபட வேண்டியதில்லை, பறவையைத் தொடவும் வேண்டியதில்லை.

இதனை அன்று அறிந்தவர் இலர். நோயை ஆராயும் பொறுப்பு வாஷிங்டனிலிருந்த அரசாங்கச் சுகாதார ஆராய்ச்சிசாலையைச் சார்ந்தது. சார்ள்ஸ் ஆம்ஸ்ட்ரோங் என்ற வைத்தியரும் அவருடைய உதவியாளர் ஹென்றி அண்டர்சனும் நிலவறையிற் கிளிகளை வைத்து ஆராய்ந்தனர். 1930ஆம் ஆண்டு பெப்ரவரியில் அண்டர்சன் இந்நோயால் மாண்டார். ஆம்ஸ்ட்ரோங்கும் நோயுற்று, குணமடைந்த ஒருவரின் குருதியிலிருந்து எடுத்த சீரம் செலுத்தப்பெற்றுப் பிழைத்தார். கிளிகளின் அருகே செல்லாத ஊழியரும் நோயுற்றமையால், தலைவர் ஜோர்ஜ் மக்கோய் தாமே உள்ளே சென்று அப்பறவைகளைக் கொன்றார். கட்டடம் முழுவதும் நச்சுப் புகையாற் சுத்திகரிக்கப்பட்டது.

அதற்குள், 1930 ஜனவரி 24ஆம் நாள், ஜனாதிபதி ஹூவர் கிளிகளை இறக்குமதி செய்தலைத் தடுத்துக் கட்டளை பிறப்பித்தார். அந்நாட்டில் 169 பேர் நோயுற்று 33 பேர் இறந்தனர் என்பது கணக்கு.

எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. அதே காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் மண்டபம் முகாமில் நிறுத்தி வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்ட பின்னரே தோணித்துறை கடக்க விடப்பட்டனர். ஏழை மனிதருக்கு இருந்த தடை, செல்வர் வீட்டுக் கிளிக்கு இல்லாதிருந்தது.

தடை விதித்ததோடு தொல்லை தீர்ந்ததா எனின், இல்லை. கலிபோர்னியாவில் வீட்டுக் கொல்லைகளில் வளர்க்கப்பெற்ற சிறு அவுஸ்திரேலியக் கிளிகளிலும் இக்கிருமி குடிகொண்டிருந்ததைக் கார்ல் மேயர் என்னும் அறிஞர் பின்னர் கண்டறிந்தார். நம் வீடுகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று கூட்டில் வளர்ப்பவற்றுள் இவ்வினமும் ஒன்று. அஞ்சற்க, இன்று டெட்ராசைக்கிளின் வகை மருந்துகள் நோயை மாற்றும். ஆனால் காய்ச்சலோடு வைத்தியரிடம் செல்பவர் தம் வீட்டிற் பறவை உண்டென்பதைச் சொல்ல மறத்தலாகாது. சொல்லாவிடின் வைத்தியர் அதனை ஊகித்தல் அரிது.

பிறநாட்டுப் பறவையைக் கொண்டுவர விரும்புவோர் முன்னனுமதி, மிருக வைத்தியரின் சான்றிதழ், தனிமைப்படுத்தும் காலம் ஆகியவற்றை வீண் தொல்லையென நோவதுண்டு. 2005ஆம் ஆண்டு ஒக்டோபரில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில், தனிமைப்படுத்தும் நிலையமொன்றில் இருந்த பறவைகள் இறந்தன. தைவானிலிருந்து வந்த சிறு பறவைகளிற் கொடிய பறவைக் காய்ச்சல் வைரசு காணப்பட்டது. அவை அங்கே அடைபட்டிருந்தமையால் நோய் அக்கட்டடத்தைத் தாண்டவில்லை. 2007ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம், காட்டிற் பிடித்த பறவைகளை வணிகத்துக்காக இறக்குமதி செய்வதை நிலையாகவே தடுத்துவிட்டது.