மேப்பில் கோடு இருக்கு... அதில் சைக்கிள் ஓட்டலாமா? – ஜவ்வாது மலை மண் சாலைகளுக்கு ஒரு வழிகாட்டி

லாரி ஹாரன் கிடையாது, பஸ் புகை கிடையாது. சக்கரத்துக்கு அடியில் சரளைக்கல் நொறுங்கும் சத்தம் மட்டும்தான். இப்படி வண்டி நடமாட்டம் இல்லாத மண் சாலைகளில் சைக்கிள் ஓட்டுவதை ‘கிராவல் சைக்கிளிங்’ என்கிறார்கள். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 2006-ல் தொடங்கி நடந்துவரும் ஒரு கிராவல் போட்டியில், வீரர்கள் ஏறக்குறைய 320 கிலோமீட்டர் மண் சாலையிலேயே ஓட்டுகிறார்கள். நமக்கு ‘கிராவல்’ ஒன்றும் புதுச் சொல் இல்லை. ஊருக்கு ரோடு போடும்போது “கிராவல் அடிச்சாச்சா?” என்று கேட்டுப் பழகியவர்கள்தானே நாம்!

இந்த அனுபவத்துக்காக சென்னை, வேலூர், பெங்களூரு பக்கம் இருந்து ஜவ்வாது மலைக்கு வர நினைப்பவர்கள் முதலில் செய்வது, செல்போனில் மேப்பைத் திறப்பது. அதில் மலை முழுக்க மெல்லிய கோடுகள் ஓடும். எல்லாக் கோடும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் தரையில் அவை ஒன்று அல்ல. எந்தக் கோட்டில் தாராளமாகப் போகலாம், எதற்கு அனுமதி வேண்டும், எதில் போகவே கூடாது என்பதைத் தெரிந்துகொண்டு கிளம்பினால் பயணமும் இனிக்கும், சட்டச் சிக்கலும் வராது.

மலை எங்கே இருக்கு?

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. செய்யாறு பிறப்பது இங்கேதான். ‘மலையாளி’ எனப்படும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக இங்கு வாழ்கிறார்கள். சாமை, புளி, தேன், பலா என்று மலையின் விளைச்சலும் அவர்கள் கையில்தான்.

மேலே ஏற முக்கியமான தார்ச் சாலைகள் சில உண்டு. போளூரில் இருந்து ஜமுனாமரத்தூர் வரும் சாலை ஒன்று. ஆலங்காயத்தில் இருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் வருவது இன்னொன்று. வேலூர் பக்கம் இருப்பவர்கள் அமிர்தி வழியாக ஏறலாம். திருப்பத்தூரில் இருந்து புதூர்நாடு பகுதிக்குத் தனிச் சாலை இருக்கிறது. ரயிலில் சைக்கிளை ஏற்றி வருபவர்களுக்கு வாணியம்பாடி, ஜோலார்பேட்டை, போளூர் நிலையங்கள் வசதி. சைக்கிளை லக்கேஜாக முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

காவலூரில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அதன் 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் திறக்கப்பட்டது. இடத்தின் உயரம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 725 மீட்டர். அடிவாரத்தில் இருந்து கிளம்பினால் நல்ல ஏற்றம் காத்திருக்கு என்று அர்த்தம். பழக்கம் இல்லாதவர்கள் ஜமுனாமரத்தூர் வரை வாகனத்தில் வந்து, அங்கிருந்து சைக்கிள் எடுப்பதே நல்லது.

மூன்று வகைப் பாதைகள்

1. பொதுச் சாலை: பஸ் போகும் தார்ச் சாலைகள், ஊராட்சிச் சாலைகள். இவற்றில் சைக்கிளுக்குத் தடை இல்லை. காட்டுக்குள் புகுந்து போகும் சாலை என்றால் வனத்துறை சோதனைச் சாவடியில் சொல்லும் நேரக் கட்டுப்பாட்டை மதிக்க வேண்டும். சாலையை விட்டு இறங்கிக் காட்டுக்குள் போகக் கூடாது.

2. ஊர் மண் சாலை: ஒரு கிராமத்தையும் அடுத்த கிராமத்தையும், அல்லது ஊரையும் வயலையும் இணைக்கும் பாதை. கிராவல் ஓட்ட வருபவர்கள் தேடுவது பெரும்பாலும் இதைத்தான். ஜவ்வாது மலையில் பல ஊர்கள் காப்புக்காட்டின் நடுவே தீவு மாதிரி இருக்கும். அதனால் ஊரில் தொடங்கும் மண் சாலை, கொஞ்ச தூரத்திலேயே காட்டுக்குள் நுழைந்துவிடலாம். கேட்டுவிட்டுப் போவது அவசியம்.

3. காட்டுப் பாதை: வனத்துறை ஜீப் பாதை, ரோந்துப் பாதை, ஒற்றையடிப் பாதை. தமிழ்நாடு வனச் சட்டம், 1882-ன்படி காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத் தீயில் மலையேற்றம் சென்றவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டே மலையேற்றத்துக்கென்று தனி ஒழுங்குமுறை விதிகள் வந்தன. எனவே, “யாரும் பார்க்கலையே” என்று காட்டுப் பாதையில் சைக்கிளை விடாதீர்கள்.

ஸ்காட்லாந்தில் 2003-ல் வந்த ஒரு நிலச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் பெரும்பாலான நிலங்களில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் உரிமை கொடுக்கிறது. அங்கே எடுத்த வீடியோக்களில் கண்ட இடத்தில் எல்லாம் சைக்கிள் போவது இதனால்தான். நம்ம ஊர் காட்டுக்குச் சட்டம் வேறு, விலங்குகளும் வேறு. இங்கே கரடி, காட்டுப்பன்றி உண்டு.

சைக்கிள் ஆப்களில் “ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய ரூட்” என்று கிடைப்பதிலும் கவனம் வேண்டும். அவர் போனார் என்பதற்கு அது ஆதாரம். நீங்கள் போக அது அனுமதிச் சீட்டு அல்ல.

போனிலேயே சரிபார்ப்பது எப்படி?

• தமிழ்நாடு புவியியல் தகவல் அமைப்பின் (டிஎன்ஜிஐஎஸ்) இணையதள வரைபடத்தில் நீங்கள் போக நினைக்கும் இடத்தைத் தேடுங்கள். கிராம எல்லையும் சர்வே எண்ணும் கிடைத்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

• அந்தச் சர்வே எண்ணை வருவாய்த் துறையின் நிலப் பதிவு இ-சேவை இணையதளத்தில் உள்ள அ-பதிவேட்டில் போட்டுப் பாருங்கள். அது பட்டா நிலமா, அரசுப் புறம்போக்கா என்பது தெரியும். பட்டா நிலத்தின் வழியாகப் போகும் பாதை என்றால் நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

• சாட்டிலைட் படத்தைத் திறந்து, கோட்டின் இரண்டு முனையையும் பாருங்கள். வீடும் வயலும் தெரிந்தால் ஊர்ப் பாதையாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு பக்கமும் அடர்ந்த பச்சை மட்டும் என்றால் காடு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

• சந்தேகம் இருந்தால் அந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். அவர்கள் சொல்வதே இறுதி.

• காட்டைப் பார்க்கத்தான் ஆசை என்றால், சைக்கிளை நிறுத்திவிட்டு நடக்கலாம். 2024-ல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் மாநிலம் முழுக்க 40 மலையேற்றப் பாதைகள் அறிவிக்கப்பட்டன. திருப்பத்தூர் மாவட்டத்தின் ஜலகாம்பாறையும் அதில் ஒன்று. ஆன்லைனில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு போகலாம். காட்டுத் தீ காலத்தில் பாதைகள் மூடப்படும். தேதியைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

• மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. கிளம்பும் முன்பே மேப்பை ஆஃப்லைனில் டவுன்லோடு செய்துவிடுங்கள்.

இது ஏன் இன்னும் மண் சாலை?

சைக்கிளில் வருபவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. நமக்கு ஞாயிற்றுக்கிழமை ஜாலி ரைடு. அந்த ஊர்க்காரர்களுக்கு அது பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்குமான ஒரே வழி. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலைக் கிராமத்தில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சரியான சாலை இல்லாததால் மருத்துவமனைக்குப் போய்ச் சேரத் தாமதமாகி, அந்தக் குழந்தை உயிரிழந்தது. ஊருக்கு உடலைக் கொண்டுபோகும்போதும் வண்டி செல்ல வழியில்லாமல் பெற்றோர் நடந்தே போக வேண்டியிருந்தது.

மலையில் சாலை போடுவது சமவெளி மாதிரி சுலபம் இல்லை. பாதை காப்புக்காட்டைக் கடந்தால் 1980-ம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி முன் அனுமதி தேவை. இதற்கு ஒரு சுருக்கமான வழியை வன உரிமைச் சட்டம், 2006 தருகிறது. சாலை, பள்ளி, குடிநீர், அங்கன்வாடி போன்ற வசதிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைப் பயன்படுத்தலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. முக்கியமாக, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். அதாவது ஊர் கூடி எடுக்கும் தீர்மானத்தில் இருந்துதான் சாலைக்கான பயணம் தொடங்குகிறது.

அதனால் போன வருடம் நீங்கள் ஓட்டிய மண் சாலை இந்த வருடம் தார்ச் சாலையாக மாறியிருந்தால் “அய்யோ, ரூட் போச்சே” என்று வருத்தப்படாதீர்கள். ஆம்புலன்ஸ் அந்த ஊர் வரைக்கும் வரும் என்பதுதான் அதன் பொருள். சைக்கிளுக்கு வேறு பாதை கிடைக்கும்.

ஓட்டும்போது கவனிக்க

டயர்: 40 மி.மீ. அளவு அகலம் இருந்தால் சரளையில் பிடிப்பு கிடைக்கும். விலை உயர்ந்த கிராவல் சைக்கிள்தான் வேண்டும் என்றில்லை. நல்ல பிரேக் உள்ள கியர் சைக்கிளே போதும். காற்றை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாக வையுங்கள்.

நேரம்: தாரில் மணிக்கு 20 கி.மீ. போகிறவர்கூட மண் ஏற்றத்தில் 8, 10-க்கு வந்துவிடுவார். தூரத்தை வைத்துக் கணக்குப் போடாமல் நேரத்தை வைத்துத் திட்டமிடுங்கள். விடிந்த பிறகு கிளம்பி, மாலை 4 மணிக்குள் தங்கும் ஊருக்குத் திரும்பிவிடுங்கள்.

இறக்கம்: முன் பிரேக்கைத் திடீரென்று பிடித்தால் சரளையில் சக்கரம் வழுக்கும். இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டு, மெதுவாகப் பிடியுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். ஹெல்மெட் கட்டாயம்.

வழி விடுங்கள்: ஆடு மாடு, தலைச்சுமையோடு வருபவர், பைக், ஜீப் யார் வந்தாலும் ஓரமாக நில்லுங்கள். அறுவடை நேரத்தில் ரோட்டில் தானியம் காய்ந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். மக்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

மழை: நனைந்த மண் சாலையில் சக்கரம் பதிந்தால் தடம் குழியாகும், அடுத்த மழையில் அது ஓடையாகும். ‘டிஎன்-அலர்ட்’ செயலியில் மழை எச்சரிக்கை வந்திருந்தால் அன்றைக்குத் தார்ச் சாலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

செலவு: டீ, சாப்பாடு, தேன், சாமை அரிசி என்று வாங்குவதை மலைமேலேயே வாங்குங்கள். பிளாஸ்டிக் குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள்.

அவசரம் என்றால்

ஆம்புலன்ஸுக்கு 108, பொது அவசர உதவிக்கு 112, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. ‘காவல் உதவி’ செயலியைப் பதிவிறக்கி, அவசரப் பொத்தான் எப்படி வேலை செய்கிறது என்று முன்பே பாருங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் விபத்து நடந்தால் ஒருவர் அடிபட்டவரோடு இருக்க, இன்னொருவர் அருகில் உள்ள ஊருக்குப் போக வேண்டும். எனவே தனியாக வராதீர்கள். மூன்று பேராவது இருந்தால் நல்லது.

பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல், அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். 2024 முதல் தமிழ்நாட்டில் பாம்புக்கடி, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் உள்ளது.

போகும் வழியில் இடிந்த சிறுபாலம், அரித்துப்போன சாலை கண்ணில் பட்டால் ஒரு போட்டோ எடுங்கள். இடத்தின் பெயரைக் குறித்துக்கொண்டு முதலமைச்சரின் உதவி மையத்துக்கு 1100 எண்ணில் தெரிவியுங்கள். நீங்கள் ஒரு நாள் ஓட்டிவிட்டுப் போகும் சாலையில் அந்த மக்கள் தினமும் போக வேண்டியிருக்கிறது. உங்கள் ஒரு போன் கால் அவர்களுக்கு உதவும்.