புயலுக்கு முன் ஒரு குடும்பத்தின் ஆயத்தம்

வங்கக் கடலின் கடும் புயல்களில் மிகுதியான உயிர்களைப் பறித்தது காற்றன்று. காற்று உந்தித் தள்ளும் கடல்நீரே. 1977 நவம்பர் 19-ஆம் நாள் ஆந்திரத்தின் திவி சீமையில் ஏறத்தாழ 5 மீட்டர் உயரத்துக்குக் கடல் பொங்கி ஊர்களுக்குள் புகுந்தது. சுமார் 10,000 பேர் மாண்டனர். காற்றைத் தாங்கும் சுவரும் இந்நீரைத் தாங்குவது அரிது. எனவே தாழ்வான கரையோரத்தில் ஆயத்தம் என்பது, வீட்டைப் பலப்படுத்துவதைவிட, வீட்டை விட்டு உரிய நேரத்தில் வெளியேற வழி செய்து கொள்வதேயாகும்.

மோசமான வானிலை தொடங்குவதற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்னதாக உஷார் அறிவிப்பையும், 24 மணி நேரம் முன்னதாகப் புயல் எச்சரிக்கையையும் இந்திய வானிலைத் துறை வெளியிடுகிறது. செய்தி எட்டியும் மக்கள் தயங்குவதற்கு அறியாமையே காரணம் என்று அதிகாரிகள் சிலர் கருதுவதுண்டு. அது முழு உண்மையன்று. தொழுவத்து மாட்டையும், குதிரிலுள்ள நெல்லையும், நிலப் பட்டாவையும் எவ்வாறு விட்டுச் செல்வது என்பதே அவர்களது கவலை. வீட்டுக்குக் காவலாக ஆடவர் ஒருவர் தங்கிவிடுவதும் இதனாலேயே.

இக்கவலையை முதல் நாளிலேயே தீர்த்துக்கொள்ள இயலும். பட்டா, குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றைப் பாலிதீன் உறையில் சுற்றி ஒரே பையில் வைத்துவிட வேண்டும். விதைநெல்லை மூடியுள்ள கலங்களில் அடைத்து உயரத்தில் ஏற்றலாம். கால்நடைகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டிச் செல்வது நலம். இயலாவிடில் கட்டையாவது அவிழ்த்துவிட வேண்டும். கட்டுத்தறியில் நிற்கும் மாடு நீந்தித் தப்ப முடியாது. உணவுக்கு அவலும் வெல்லமும் போதும். ஒடிசாக் கிராமங்களில் இவை புயற்காலத்துக்குப் பழகியவை, அடுப்பும் வேண்டா. குடிநீர், மருந்து, டார்ச்சு விளக்கு, பாட்டரி வானொலி ஆகியவையும் பையுடன் சேர வேண்டும். கைபேசியை மின்சாரம் உள்ளபோதே மின்னேற்றிக்கொள்ள வேண்டும்.

1999 அக்டோபர் 29-ஆம் நாள் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். அதன் பின்னர்க் கரையோரமெங்கும் தூண்களின் மீது புகலிடக் கட்டடங்கள் எழுந்தன. 2019 மே 3-ஆம் நாள் பூரி அருகே ஃபனி புயல் கரையேறுவதற்கு முன் சுமார் 12 லட்சம் பேர் வெளியேற்றப்பட்டனர். அம்மாநிலத்தில் இறந்தோர் 64 பேர்.

புகலிடத்தை அடைந்த பின்னரும் ஓர் எச்சரிக்கை தேவை. புயலின் கண் கடக்கையில் காற்று திடீரென அடங்கும், வானமும் வெளுக்கக்கூடும். வீட்டைப் பார்த்துவர அதுவே தக்க தருணம் எனத் தோன்றும். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்ப வீசும். புயல் கடந்துவிட்டதென அறிவிக்கப்படும் வரை எவரும் வெளியேறலாகாது. ஊர் திரும்பியதும், கடல்நீர் புகுந்த கிணற்றை இறைத்துக் குளோரின் இடும் வரை அதன் நீரைக் குடித்தல் கூடாது.