ஆட்டத்தின் வாசனை

விருத்தாசலத்துச் செராமிக் பட்டறைகளிலே, பாரிஸ் சாந்து அச்சுக்குள் களிமண் கூழை வார்த்து, சற்றுப் பொறுத்து மிஞ்சியதைக் கவிழ்த்துவிடுகிற வேலையைப் பார்த்தவர்கள், கூழ் வெளியேறிய பின்னும் அச்சின் உட்சுவரை ஒட்டி மெல்லிய தோல்போல் ஒரு படலம் நின்றுவிடுவதையும், அதுவே காய்ந்து பொம்மையாகிச் சூளைக்குப் போவதையும் கண்டிருப்பார்கள். மனமும் ஏறக்குறைய அப்படிப்பட்ட வஸ்துதான். அனுபவம் வடிந்த பிறகும் உள்ளே தங்கிவிடும் படிவை நம் முன்னோர் 'வாசனை' என்றார்கள்.

கைபேசியிலும் கணினியிலும் ஆடப்படும் இக்காலத்து ஆட்டங்களுக்கு இந்த வாசனையை ஊன்றும் சக்தி அதிகம். நாடகத்திலும் சினிமாவிலும் நாம் வெறும் சாட்சிகள். ஆட்டத்திலோ நாமே கர்த்தா. திரையிலே பகைவன் தோன்ற, செவியிலே அவன் காலடி கேட்க, இமைப்பொழுதில் நம் விரல் அதற்குப் பதில் சொல்ல, அதன் பலன் அக்கணமே வெற்றியாகவோ தோல்வியாகவோ முன்வந்து நிற்க, இவ்வளவும் மணிக்கணக்கில் ஓயாமல் நிகழுமானால், ஜங்ஷன் பெஞ்சியில் உட்கார்ந்திருப்பவர் தாம் ஏற வேண்டிய ரயில் வந்து போனதை அறியாதிருப்பதில் ஆச்சரியம் என்ன?

ஆட்டம் முடிந்த பின் நடப்பதே எனக்கு இன்னும் விசித்திரமாகப் படுகிறது. மேலிருந்து விழும் கட்டைகளைச் சந்தில்லாமல் அடுக்கும் டெட்ரிஸ் ஆட்டம், 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கியது. 'பிரிக் கேம்' என்று நம் பிள்ளைகளும் ஒரு காலத்தில் ஆடித் தீர்த்ததுதான். ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ராபர்ட் ஸ்டிக்கோல்டு, 27 பேரை மூன்று நாள்களில் ஏழு மணி நேரம் இதை ஆடச் செய்து, உறக்கம் கவியும் தறுவாயில் கண்ணுக்குள் என்ன தெரிகிறது என்று விசாரித்து, 2000-ல் முடிவுகளை வெளியிட்டார். 17 பேருக்குக் கட்டைகள் தெரிந்தன. அந்த 27 பேரில் ஐவர் மூளைச் சேதத்தால் புது ஞாபகங்களைத் தக்கவைக்க இயலாதவர்கள். ஆடியதையே மறந்துவிட்ட அவர்களிலும் மூவருக்கு அதே காட்சி வந்தது என்பதைப் படித்தபோது, 'வாசனை' என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர்களை மனத்துக்குள் வணங்கினேன்.

விழித்திருக்கும்போதும் இது உண்டு. ஆஞ்சலிகா ஓர்டிஸ் டி கோர்டாரி என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில் 15 முதல் 21 வயது வரையிலான 42 பேரைப் பேட்டி கண்டார்கள். நிஜ வாழ்க்கையின் நடுவே விளையாட்டின் பொத்தானை விரல் தேடியதாகச் சொன்னவர்களும் அவர்களுள் இருந்தார்கள். இதைச் சித்தப்பிரமை என்று அஞ்ச வேண்டியதில்லை. நாள் முழுவதும் பீங்கான் பியூஸ்களுக்குப் பிசிறு நீக்கியவர் கண்ணை மூடினால் அவையே வரிசை கட்டுவதில்லையா? இதே இயல்பை மருந்தாகவும் திருப்பலாம்: கோரக் காட்சிகள் நிறைந்த படத்தைப் பார்த்தவர்கள், அரைமணிக்குப் பின் டெட்ரிஸ் ஆடினால் அக்காட்சிகள் அவர்களைத் துரத்துவது குறைகிறது என்று 2009-ல் ஆக்ஸ்போர்டின் எமிலி ஹோம்ஸ் குழுவினர் காட்டினார்கள்.

வியாதி வேறு. ஆட்டத்தை நிறுத்தும் சுதந்திரம் போய், உணவும் படிப்பும் உறவும் பின்தள்ளப்பட்டு, கேடு விளைவது தெரிந்தும் ஆட்டம் தொடர்ந்து, இந்நிலை பொதுவாக ஓராண்டு நீடித்தால்தான் அதை உலக சுகாதார நிறுவனம் நோயாகக் கொள்கிறது. 2022 ஜனவரி முதல் அமலிலுள்ள அதன் பட்டியல் அப்படித்தான் வரையறுக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014-லேயே இதுபோன்ற தொழில்நுட்ப மோகங்களுக்கெனத் தனிப் பிரிவைத் திறந்துவிட்டது. தமிழக அரசு 2025 பிப்ரவரியில், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை தடை விதித்தது. பணம் வைக்காத ஆட்டத்தின் இரவுகளுக்கு அந்த விதி பொருந்தவில்லை. அங்கே காவல் வீட்டார்தான். கைபேசியைப் பிடுங்கி எறிவதைக் காவல் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளையின் அருகில் அமர்ந்து ஓர் ஆட்டம் ஆடிப் பாருங்கள். அவன் நித்திரை கெட்டு, நிறுத்த முடியாமல் தவிப்பது தெரிந்தால், 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.